மணிக்கட்டுக் கோடு

காலை வெயில் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி விழுவதற்கு முன்பே அவர்கள் ஐந்து பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்கள். பிடிபட்ட திருடன் நிற்பானே, அந்த மாதிரி. ஐந்து பேர் கையிலும் ஆரஞ்சு நிற ரப்பர் கையுறை. ஒவ்வொரு கையுறையின் வாய்ப்பக்கத்திலும் கறுப்பு மார்க்கரில் அவரவர் பெயர். சூப்பர்வைசர் சிவபாண்டி போனைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினான்.

“சங்கிலிண்ணே, இடது கைய இன்னும் கொஞ்சம் தூக்குங்க. பேரு விழுகலை.”

“பேரு விழுந்தா என்ன, விழாட்டி என்ன? ஆளு நிக்கிறது தெரியலையா ஒனக்கு?”

“எனக்குத் தெரியுது. மெட்ராஸ் ஆபீஸ்ல உக்காந்திருக்கவனுக்கு ஒங்க மூஞ்சி தெரியுமா? கிளவுஸப் பாப்பான், பேரப் பாப்பான். இல்லையின்னா ஆப்சென்ட்டு. நானா வச்சேன் இந்தச் சட்டத்த?”

சங்கிலி தூக்கினார். நேற்றுக் கழுவிப் போட்டது சரியாகக் காயவில்லை. கையுறைக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு இறங்கியது. இறங்கிய இடத்தில் எரிச்சல் ஒன்றுமில்லை. உள்ளே பத்து விரலும் நெருப்பில் காட்டியதுபோல் எரிந்து, எரிச்சலுக்கு அடியில் அரித்தது. அரிப்பு என்றால் சாதா அரிப்பு இல்லை. எலும்பைப் பிடித்துச் சுரண்டத் தோன்றுகிற அரிப்பு. போட்டோ எடுத்து முடிக்கிறவரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

காளவாசல் சந்திப்பிலிருந்து உள்ளே ஒரு சந்து தள்ளி இருந்தது அந்த அடுக்குமாடி. துவரிமானிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவார். வேலை என்னவோ பழைய வேலைதான். வீடு வீடாகக் குப்பை வாளியை எடுத்துக் கீழ்த்தளத்தில் கொட்டிப் பிரிப்பது, படிக்கட்டைக் கூட்டி பினாயில் போட்டுத் துடைப்பது, தொட்டியைச் சுற்றிக் கழுவுவது. பழைய காண்ட்ராக்டரிடம் இருந்தபோது வெறுங்கையால்தான் எல்லாம். கண்ணாடிச் சில்லு குத்தியிருக்கிறது, ஆணி ஏறியிருக்கிறது. போன வருஷம் கம்பெனி மாறியது. புதுக் கம்பெனி நீலச் சட்டை கொடுத்தது, கையுறை கொடுத்தது, பாதுகாப்பே முதல் என்று ஒரு பலகை அடித்துச் சுவரில் மாட்டியது. சம்பளத்தை மட்டும் பழைய ஆள் விட்டுப்போன இடத்திலேயே வைத்திருந்தது.

பங்குனி வெயிலில் புறங்கையில் கடுகு கடுகாகத் தடித்தபோது சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிட்டார். விரலெல்லாம் பரவியதும் பஸ் நிறுத்தத்தில் இருக்கிற மருந்துக்கடைக்காரனிடம் காட்டினார். அவன் கையைத் தொடாமலே எட்டிப் பார்த்துவிட்டு ஒரு ட்யூபை எடுத்து வைத்தான். “மூணு மருந்து கலந்தது பெரியவரே. எதுவா இருந்தாலும் ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு கேக்கும்” என்றான். பூசினால் அடங்கியது. நிறுத்தினால் முன்னைவிடச் சீறிக்கொண்டு வந்தது. இப்படியே மூன்று நான்கு ட்யூப் தீர்ந்தது.

அன்று கீழ்த்தளத்தில் குப்பை பிரித்துக்கொண்டிருந்தபோது தாங்க முடியவில்லை. கையைக் கொண்டுபோய்த் தூணின் சொரசொரப்பில் வைத்துத் தேய்த்தார். ரப்பருக்கு மேலே தேய்த்தால் உள்ளே எங்கே தெரியும்?

“மாடு மாதிரி தூணுல ஒரசுறீங்களே அண்ணே,” என்றாள் அன்னக்கொடி. எதிரில் குந்தி உட்கார்ந்து பால் பாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “கழட்டிட்டு ரெண்டு செம்பு தண்ணிய ஊத்துங்க. யாரு பாக்கப் போறா?”

பார்த்துவிட்டார்கள். தோட்டத்துக் குழாயடியில் கையுறையை உருவியபோது அது தோலையும் கூட்டிக்கொண்டு வருவதுபோல ஒட்டி ஒட்டி வந்தது. விரல்களின் மேல்தோல் தடித்துச் சிவந்து, கணுவுக்குக் கணு வெடித்திருந்தது. புறங்கையில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். உடைந்த இடங்களில் மஞ்சள் நீர் கசிந்து பொருக்குத் தட்டியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே சுத்தமான கறுத்த தோல். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்ததுபோலப் புண் அந்த இடத்தில் நின்றிருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழ விழக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னங்க சங்கிலி இது?”

இரண்டாவது மாடி ராமமூர்த்தி. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். இந்தக் கட்டடத்துச் சங்கத்துக்குச் செயலாளர். நடைப்பயிற்சி முடித்து வேர்த்துப்போய் நின்றார்.

“சூடு சார்.”

“சூடு இல்லைங்க இது. சொறி. எங்க கடையில ஒரு பையனுக்கு வந்து, வேலை பாத்த அம்புட்டுப் பேருக்கும் ஒட்டிருச்சு. அவுங்க வீடு வரைக்கும் போயிருச்சு. இந்தக் கையோடயா லிஃப்ட் பட்டன அமுக்குனீங்க?”

“கிளவுஸு போட்டுத்தான் அமுக்குனேன்.”

“தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கு.”

“எங்க வீட்லயுந்தான் இருக்கு.”

சொல்லிவிட்டுத் தன் கையையே குனிந்து பார்த்தார். கையுறையில் பேர் எழுதிக் கொடுத்த மகள் கனகா பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருக்கிறாள். குழந்தைக்குப் பவதாரிணி என்று பேர் வைத்துத் தொட்டிலில் போட்டாயிற்று. ராமமூர்த்தி நாலடி தள்ளிப்போய் போனில் தன் வீட்டம்மாவிடம் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சொன்னார். பாஷை புரியவில்லை. அவர் சங்கிலியின் கையைப் பார்த்துக்கொண்டே பேசியது புரிந்தது.

சற்று நேரத்தில் சிவபாண்டி ஓடிவந்தான்.

“ஏண்ணே, எம் பொழப்பக் கெடுக்கணும்னே கழட்டுனீங்களா? சங்கத்துக் குரூப்புல போட்டு நாறடிச்சுட்டாய்ங்க.”

“அரிக்குதுடா. கழட்டாம என்ன செய்ய?”

“இனிமே ரெண்டு ஜதை போடுங்க. ஒண்ணுக்கு மேல ஒண்ணு. கேட்டுக்குள்ள வந்தா வெளிய போற வரைக்கும் கழட்டக் கூடாது.”

“மூத்திரம் வந்தா?”

அன்னக்கொடி வாளிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். சிவபாண்டி சிரிக்கவில்லை. “இன்னொரு தடவ அந்தக் கை வெளிய தெரிஞ்சுச்சுன்னா, வேற ஆளு போடச் சொல்லிருவாய்ங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது. சொல்லிட்டேன்,” என்றான்.

*

வீட்டுக்குப் போனதும் வழக்கம்போல மலையம்மாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் கையை விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால், தேய்க்கிற நேரம் சொர்க்கம். அப்புறம் விடிய விடிய நரகம். கத்தரிக்காய் கரப்பான், அரிப்பைக் கூட்டும் என்று நிறுத்திவிட்டாள். கருவாடு நிறுத்தியாயிற்று. கடையில் டீயோடு ஒரு வடை தின்றாலும் எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தாள்.

“சாமி உப்பையும் மிளகையும் வச்சு என்ன செய்யும், ரசம் வைக்குமா?” என்று கேட்டார் சங்கிலி.

“இந்த வாய்க்குத்தான் இந்தக் கை,” என்றாள் மலையம்மாள்.

ராமமூர்த்தி சொன்னதை அவர் வீட்டில் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தார். தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். கனகா எழுந்து தொட்டிலை உள்ளறைக்கு மாற்றிக் கட்டினாள். மருந்துக்கடைக்காரன் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெள்ளையாக ஒரு மருந்துப் பாட்டிலைக் கொடுத்து, வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை பூசவேண்டும் என்றான். பூசினார்கள். போர்வை, பாய், தலையணை உறை எல்லாம் வெந்நீரில் முக்கி வெயிலில் போட்டார்கள். மலையம்மாளுக்கும் கனகாவுக்கும் முன்னாலும் அரிப்பில்லை, பின்னாலும் அரிப்பில்லை. சங்கிலிக்கு மட்டும் ஒரு மாற்றமும் கிடையாது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கட்டடத்தில் இருக்கிற பணக்காரப் பிள்ளைகளுக்கு ஒட்டக்கூடாது என்று கையுறை போடச் சொல்கிறான் சிவபாண்டி. தன் பேத்திக்கு ஒட்டலாமா? அன்றிலிருந்து கையுறையை மஞ்சப்பைக்குள் போட்டு வீட்டுக்கும் கொண்டுவந்தார். கை கால் கழுவியதும் மாட்டிக்கொள்வார். கரண்டியால் சோறு தின்றார். உள்ளே வெடிப்பு வலித்தால் கையுறைக்குள்ளேயே தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொண்டார். தொட்டில் கயிற்றை வாசற்படியில் உட்கார்ந்தபடி ஆரஞ்சுக் கையால் இழுத்து ஆட்டினார். இரவு படுக்கும்போதும் கழற்றவில்லை. தூக்கத்தில் பிள்ளையைத் தொட்டுத் தொலைத்தால் என்ன செய்வது?

“பேய் மாதிரி இருக்குய்யா பாக்க,” என்றாள் மலையம்மாள். “ராத்திரியாவது கழட்டேன்.”

“ஒட்டுனா நீயா பதில் சொல்லுவ?”

“எனக்கு ஒட்டலையே இன்னும்?”

“ஒனக்குத் தோலு எருமத்தோலு.”

நாள் போகப் போக விரலை மடக்க முடியவில்லை. துடைப்பக் கட்டையைப் பிடித்தால் வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்தது. கையுறையைக் கழற்றினால் அழுகிய வாடை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையம்மாள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் அவர் சட்டையை அவளே எடுத்துப் போட்டாள். “பெரியாஸ்பத்திரிக்கு நடய்யா. இல்ல, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்.”

“போயேன். கருவாடாவது திம்பேன்.”

சொன்னாரே தவிரக் கிளம்பினார். ஆஸ்பத்திரி மேல் அவருக்கு நம்பிக்கை எதுவும் இல்லை. ஆனால் கட்டையைப் பிடிக்க முடியாவிட்டால் வேலை இல்லை. அது மட்டும் உறுதி.

*

தோல் பிரிவுக்கு முன்னால் பெஞ்சில் இடமில்லை. சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் முதுகைக் கதவு நிலையில் தேய்த்தான். ஒரு பெண் கைக்குழந்தையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அது சொறிய விடாமல் போராடிக்கொண்டிருந்தாள். குழந்தையின் கன்னம் இரண்டும் சிவந்து காய்ந்து செதிலாக உரிந்தது. சங்கிலி ஆரஞ்சுக் கையுறையோடு போய் நின்றதும் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மரியாதை இல்லை, பயம்.

உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பேச நேரமில்லாத முகம்.

“கிளவுஸக் கழட்டுங்க.”

“ஒட்டும் தாயி. ஒட்டுச் சொறின்னு சொல்லிட்டாய்ங்க.”

“யாரு சொன்னா?”

“ஜவுளிக்கடைக்காரரு.”

“அப்ப அவருகிட்டயே வைத்தியம் பாத்துக்க வேண்டியதான. கழட்டுங்க.”

கழற்றினார். டாக்டரம்மா கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தொட்டுப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அந்தக் கையை மலையம்மாளைத் தவிர வேறு யாரும் தொட்டது அன்றுதான். விரலிடுக்குகளை விரித்துப் பார்த்தாள். “இடுப்புல, தொடையிடுக்குல, தொப்புளச் சுத்தி அரிக்குதா?”

“அங்கெல்லாம் இல்ல.”

“வீட்ல வேற யாருக்கும்?”

“யாருக்கும் இல்லங்க,” என்றாள் பின்னால் நின்ற மலையம்மாள். “மருந்தெல்லாம் எல்லாரும் பூசுனோம்.”

“ஒட்டுச் சொறின்னா இந்நேரம் நீங்கதான் மொதல்ல சொறிஞ்சுகிட்டு நிப்பீங்க. அதுக்குப் பூச்சி இருக்கு. தோலுக்குள்ள வளை தோண்டும், விரலிடுக்குலதான் மொதல்ல பிடிக்கும், ராத்திரியானா வீடே தூங்காது. இது அது இல்ல.” அவள் பேனாவின் முனையை மணிக்கட்டுக் கோட்டில் வைத்தாள். “இங்க பாருங்க. இங்க வரைக்கும் வந்து நிக்குது. இதுக்கு மேல ஏன் போகலை? நோய்க்குக் கோடு போட்டு நிக்கத் தெரியுமா?”

சங்கிலி பார்த்தார். தினமும் பார்த்ததுதான்.

“செருப்பக் கழட்டுங்க.”

“கையில தாயி நோவு, கால்ல இல்ல.”

“கழட்டுங்கன்னா கழட்டுங்க.”

ரப்பர் செருப்பைக் கழற்றினார். இரண்டு பாதத்தின் மேலும், செருப்பு வார் பதிகிற இடத்தில் மட்டும் கறுத்துத் தடித்து இரண்டு பட்டை ஓடியது. அழுக்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஒங்களுக்கு ரப்பர் ஒத்துக்கலை பெரியவரே. ரப்பர்ல போடுற மருந்து ஏதோ ஒத்துக்கலை. அது எங்க தொடுதோ அங்க மட்டும் வருது. கரப்பான்னு சொல்வாங்கள்ல, எக்ஸிமா, அதுல ஒரு தினுசு. யாருக்கும் ஒட்டாது. கிளவுஸு எப்பயிருந்து போடுறீங்க?”

“கம்பெனி மாறுனதுலயிருந்து.”

“அரிப்பு?”

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கு ஆத்திரம் வந்தது. “அதுக்கப்புறந்தான்.”

“ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் போடுறீங்க?”

சங்கிலி செருப்பை மாட்டக் குனிந்தார். மலையம்மாள்தான் சொன்னாள். “ராத்திரியும் போட்டுக்கிட்டுத்தாம்மா படுக்காரு. பேத்திக்கு ஒட்டிரும்னு. சோறு திங்கிறதும் அதோடதான்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை.

“எதனால வந்துச்சோ அதையே எடுத்து மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க.”

“எல்லாரும் போடு, கழட்டாதன்னு சொல்றாய்ங்க. நீங்க வந்து கழட்டுங்கிறீங்க. யாரு சொல்றத தாயி நான் கேக்க?”

“ஒங்க கை சொல்றதக் கேளுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் எழுத ஆரம்பித்தாள். மருந்துக்கடை ட்யூபைத் தூக்கி எறியவேண்டும். அதில் இருக்கிற வீரியமான மருந்து தோலை மெலிய வைத்துவிடும். நிறுத்தியதும் அரிப்பு இரட்டிப்பாக வரும். வெந்நீர் வேண்டாம். நாரும் வேண்டாம். சொறிந்தால் தோல் தடிக்கும், தடித்தால் மறுபடி அரிக்கும், அது ஒரு செக்கு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். கொடுக்கிற களிம்பைச் சொன்ன நாள் மட்டும் பூசவேண்டும். மற்றபடி பிசுபிசுப்பாக வாசலின் தடவிக்கொண்டே இருக்கவேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம். வேலைக்கு, உள்ளே பருத்தித் துணிக் கையுறை, மேலே பிளாஸ்டிக் கையுறை. ரப்பர் கூடவே கூடாது. கம்பெனிக்குக் காட்ட ஒரு சீட்டு.

“கத்தரிக்காய்?” என்றாள் மலையம்மாள்.

“சாப்பிட்டா அரிச்சுச்சா?”

“நான் எங்க திங்க விட்டேன்?”

“தின்னட்டும்.”

“கருவாடு?” என்றார் சங்கிலி.

“அடுத்த ஆள வரச் சொல்லுங்க,” என்றாள் டாக்டரம்மா. சிரிப்பை அடக்கியதில் அவள் உதடு லேசாகக் கோணியது.

*

சீட்டைச் சிவபாண்டி இரண்டு தடவை படித்தான். “ரப்பர் வேணாம்னா வேற என்னண்ணே போடுவீங்க? கம்பெனியில குடுக்கிறது ரப்பர்தான். வேற இல்ல.”

“நானே வாங்கிட்டேன்,” என்று மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வெள்ளைத் துணிக் கையுறை ஒரு ஜதை, மேலே போடக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்.

மறுநாள் காலையில் ஐந்து பேரும் கையைத் தூக்கினார்கள். நான்கு பேர் கை ஆரஞ்சு, ஒருவர் கை வெள்ளை. வேலையைப் பாதி முடிப்பதற்குள் சிவபாண்டி போனை நீட்டிக்கொண்டு வந்தான். “ஒங்களுக்கு ஆப்சென்ட்டு போட்டுட்டாய்ங்க. யூனிஃபார்ம் கிளவுஸ் இல்ல, பேரு இல்லன்னு.”

“இங்கதானடா நிக்கிறேன். படிக்கட்டு மூணு மாடி தொடச்சாச்சு.”

“எனக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியலை.” அவன் பிடரியைத் தேய்த்தான். “ஒண்ணு செய்யுங்க. போட்டோவுக்கு மட்டும் ஆரஞ்ச மேல மாட்டிக்கங்க. எடுத்ததும் கழட்டிருங்க.”

அப்படியே செய்தார்கள். துணிக்கு மேல் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்கு மேல் ரப்பர். கை இரண்டும் பருத்துப் பலூன்போல நின்றன. “எம்சியார் குத்துச்சண்டைக்குப் போறாரு,” என்றாள் அன்னக்கொடி. போட்டோ முடிந்ததும் உருவிக் கம்பியில் போட்டுவிட்டுத் தன் பிளாஸ்டிக் கையோடு வேலை பார்த்தார். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்க ஆரம்பித்தன.

காரியம் கெட்டது ராமமூர்த்தியால் என்று சொல்ல முடியாது. அவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். “ஏன் இவருக்கு மட்டும் வேற கிளவுஸ்?” என்று சிவபாண்டியிடம் கேட்டார். சிவபாண்டி நல்லது செய்வதாக நினைத்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். ராமமூர்த்தி கண்ணாடியை மாற்றிப்போட்டு, தலைப்பில் அச்சடித்திருந்த தோல் நோய்ப் பிரிவு என்பதைப் படித்தார்.

“நோய்னு ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்திருக்காங்களே.”

“கீழ படிங்க சார். ஒட்டாதுன்னு எழுதிருக்காக,” என்றார் சங்கிலி.

“நான் நம்புறேங்க. மத்த வீட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? எல்லாம் கொழந்த குட்டி வச்சிருக்காங்க. நல்லா சரியாகட்டும், அப்புறம் வாங்க. ஒங்கள யாரு வேணாங்கிறது?”

“ஒட்டாதுங்கிறேன்! எம் பொண்டாட்டிக்கு ஒட்டலை, எம் மகளுக்கு ஒட்டலை. பூச்சி இல்ல சார் இதுல. இந்தா இந்த ரப்பருதான் இதுல பூச்சி!” கம்பியில் கிடந்த ஆரஞ்சுக் கையுறையை இழுத்துத் தரையில் எறிந்தார்.

ராமமூர்த்தி பின்னால் நகர்ந்தார். காவலாளி ஓடிவந்தான். சிவபாண்டி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றான். “அண்ணே, சத்தம் போட்டா இருக்கிறதும் போயிரும். வீட்டுக்குப் போங்க. கை நல்லானதும் வாங்க. நான் எடம் வச்சிருக்கேன். எம் பிள்ள மேல சத்தியம்.”

அவர் நீலச் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தபோது சிவபாண்டி ஒரு குச்சியால் அந்தக் கையுறைகளைத் தூக்கி, தன் மேல் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பினாயில் வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

*

ரப்பர் தொடாத கை ஆறியது. முதலில் கசிவு நின்றது. பொருக்கு உதிர்ந்தது. வெடிப்பு ஒன்றோடொன்று கூடிவந்து, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. வாசலின் டப்பாவும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார். இரவில் மலையம்மாள் விழித்துப் பார்த்தால் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வருமானத்துக்கு அவள் சோழவந்தான் பக்கம் வெற்றிலை கட்டப் போனாள். “நீ தூங்குறதுக்கு நான் வேலைக்குப் போறேன்,” என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஒருநாள் கனகா தானாகவே பிள்ளையைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“தூக்குங்கப்பா. டாக்டரு சொல்லிட்டாகள்ல.”

“டாக்டரு சொல்லுவாக. ஜவுளிக்கடைக்காரரு வேற சொன்னாரு.”

“நான் சொல்றேன். தூக்குங்க.”

தூக்கினார். பவதாரிணி அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்தாள். புதுத்தோல் கூசியது. அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. பிடிக்கிறவரை பிடிக்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மணிக்கட்டுக் கோடு மங்கி, இல்லாமலே போனதும், ஒரு திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். காலில் தோல் செருப்பு. மஞ்சப்பையில் துவைத்த துணிக் கையுறை. காளவாசலில் இறங்கி ஒரு டீ குடித்தார். டம்ளரைக் கையில் பிடித்தபடி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ராமமூர்த்தியிடம் முகத்துக்கு நேராக நீட்டவேண்டும் என்று நினைத்திருந்தார்.

கேட் சாத்தியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் சிவபாண்டி அவரைப் பார்த்ததும் போனைத் தாழ்த்தினான்.

“வாங்கண்ணே. கை எப்புடி இருக்கு?”

“பாரு.” கம்பி இடைவெளியில் இரண்டு கையையும் விட்டு விரித்துக் காட்டினார். “ஒரு புள்ளி இருக்கான்னு பாரு.”

சிவபாண்டி பார்த்தான். “சுத்தமா இருக்கு,” என்றான். அப்புறம் அவர் கையைப் பார்க்காமல் பேசினான். “நான் எம்புட்டோ சொன்னேன். நாலு நாள் ஆளு கொறஞ்சதுக்கே கம்பெனி ஆட்டம் ஆடிருச்சு. கொட்டாம்பட்டிப் பக்கத்துலயிருந்து ஒரு ஆளு, சோணைன்னு, அனுப்பிட்டாய்ங்க. வேற எங்கிட்டாவது எடம் விழுந்தா மொதப் பேரு ஒங்க பேருதான்.”

“எம் பேரு.”

“ஆமாண்ணே.”

“சத்தியம் பண்ணுன.”

சிவபாண்டி போனின் திரையைச் சட்டையில் துடைத்தான். நேரமாகிவிட்டது என்று பின்னால் யாரோ கத்தினார்கள். அவன் திரும்பிப் போய் போனைக் குறுக்காகப் பிடித்தான். ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். அன்னக்கொடி கேட்டுப் பக்கம் பார்த்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் நின்ற சோணைக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையுறை அவன் கைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

“அண்ணே, இதுல வேற பேரு எழுதிருக்கே?” என்றான் சோணை.

“ஆபீஸ்ல பேரு மாத்துறதுக்கு இன்னும் நாளாகும். அதுவரைக்கும் அந்தப் பேர்லயே ஓடட்டும். நல்லா கழுவித்தான் குடுத்திருக்கேன். கையத் தூக்குப்பா.”

சோணை தூக்கினான். இரண்டு மணிக்கட்டிலும் கறுப்பு மார்க்கரில் கனகா எழுதிக் கொடுத்த எழுத்து. சங்கிலி, சங்கிலி.

“இன்னும் தூக்கு. பேரு விழணும்.”

இன்னும் தூக்கினான். சிவபாண்டி ஒரு கண்ணை மூடி எடுத்தான், பார்த்தான், அனுப்பினான். “அஞ்சு பேரும் பிரசன்ட்டு,” என்றான். கையுறைக்குள் காயாமல் கிடந்த தண்ணீர் சோணையின் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வழியாக இறங்கிச் சொட்டியது. சங்கிலியின் கைகள் இன்னும் கம்பிக்குள்ளேயே நீட்டியபடி இருந்தன.